ரெண்டாவதா காய்ச்சினது

வாங்க தம்பி, செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், இப்படி கராஜ் பக்கமாவே வந்துருங்க. விளம்பரம் பாத்துட்டுக் கூப்பிட்டது நீங்கதானே? பேரைப் பாத்ததுமே நம்ம ஊர்ப் பையன்னு தெரிஞ்சுது. மெல்போர்னுக்கு வந்து ஒரு வருசம்தான் ஆச்சுங்களா? பரவால்லைங்க, அதுக்குள்ள வீட்டுல பீர் காய்ச்சற அளவுக்கு வந்துட்டீங்க. நான் இங்க வந்து பதிமூணு வருசம் கழிச்சுத்தான் இந்த வாளியவே வாங்கினேன்.

ஒண்ணும் உடையலைங்க. இலவசம்னு போட்டதும் எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எல்லாம் புதுசு மாதிரியே இருக்குது பாருங்க. வாளி, அடியில குழாய், மூடி மேல காத்து வெளிய போறதுக்கு இந்தச் சின்ன ஏர்லாக். பாட்டிலுக்கு மூடி அடிக்கற கருவி. அறுபது பாட்டில், எல்லாம் நானே சுடுதண்ணி ஊத்திக் கழுவினது. இது ஹைட்ரோமீட்டர். புளிக்கறதுக்கு முன்னால ஒருதரம், புளிச்சதுக்கு அப்புறம் ஒருதரம் மிதக்க விட்டுப் பாத்தீங்கன்னா சரக்கு எத்தனை ஏறியிருக்குன்னு சொல்லிரும். இதை மட்டும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க.

அந்த மேல் தட்டுல இருக்கற ரெண்டு பாட்டில் வேண்டாம் தம்பி. அது விளம்பரத்துல இல்ல. அதை அங்கயே விட்டுருங்க.

என்ன கேட்டீங்க? ரெண்டாவதா என்ன போடலாம்னா? முதல் பீர் நல்லா வந்துருச்சுங்களா? அதானே பாத்தேன். முதல் பீர் எல்லாருக்கும் நல்லாத்தான் வரும். மால்ட் பாகு டின்னை உடைச்சு ஊத்தி, தண்ணி ஊத்தி, ஈஸ்ட் தூவி, அட்டையில எழுதியிருக்கறதச் செஞ்சா அது பாட்டுக்கு வந்துரும். ரெண்டாவதுலதான் எல்லாத்தையும் கெடுத்துக்குவோம். ஸ்டவுட் போடுங்க. கறுப்பா இருக்கும், கசப்பா இருக்கும், உள்ள என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் தெரியாது.

இல்ல, உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. ரெண்டாவது என்னன்னு கேட்டீங்கல்ல. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க, அவங்க கேக்கல. கேக்காதவங்ககிட்டயே பாதிக் கதையச் சொன்னேன், ரெண்டு பேரும் அப்புறம் வர்றோம்னு போயிட்டாங்க. நீங்க கேட்டுட்டீங்க.

போன செப்டம்பர்ல முதல் பீர். சாதாரண பேல் ஏல். சனிக்கிழமை பாட்மின்டன் ஆடற கூட்டம் ஒண்ணு இருக்குதுங்க எங்களுக்கு. ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் இங்க வந்து பின்னாடி தோட்டத்துல உக்காருவோம். அன்னைக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் குடுத்தேன். என்ன சொல்றதுங்க, ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளிட்டாங்க. கடை பீரே தோத்துது லோகுன்னான் ஒருத்தன். வேலைய விட்டுட்டு இதையே பண்ணுன்னான் இன்னொருத்தன். லோகநாதன்னு ஒருத்தன் ஆபீஸ்ல பதிமூணு வருசமா உக்காந்திருக்கேன், அங்க ஒரு நாள் ஒருத்தன் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அன்னைக்குத்தான் கேட்டேன்.

ஒருத்தன் மட்டும் குடிக்கல. செல்வின். அவனுக்கு நாசரேத் பக்கம். எனக்கு இந்த ஊர்ல முதல்ல கிடைச்ச சிநேகிதன் அவன்தான். பாட்டிலை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சான், "கலர் நல்லா வந்திருக்குடே லோகு"ன்னான், திரும்ப என் கையில குடுத்துட்டு தண்ணி குடிச்சான். அவ்வளவுதான்.

அவன் குடிக்கறதில்ல தம்பி. குடிக்கறதில்லன்னா, குடிக்கக்கூடாது. ஒரு காலத்துல அவன் குடிச்ச குடிக்கு லைசென்ஸ் போச்சு, வேலை போச்சு, பியூலா, அவன் வீட்டுக்காரி, பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து நின்னா. அப்ப அவனைக் கூட்டிட்டுப் போய் அந்தக் குடிய விடறவங்க கூட்டத்துல சேத்துவிட்டது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். லைசென்ஸ் இல்லாத ஒன்பது மாசமும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான்தான் கார்ல கொண்டுபோய் விட்டேன். உள்ள அவன் எந்திரிச்சுப் பேசிட்டு வர்ற வரைக்கும் வெளிய கார்லயே உக்காந்திருப்பேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் கெட்டவன் இல்லைங்க. அதுவும் நான்தான். அதைச் சொல்லிட்டு மத்ததைச் சொல்லணும்னுதான்.

நாலு வருசம் ரெண்டு மாசம். ஒரு சொட்டு இல்ல. நாலு வருசத்துக்கு அங்க ஒரு வட்டமான பித்தளை வில்லை குடுப்பாங்க, அதைக் கார் சாவியில கோத்து வெச்சிருந்தான்.

சரி, ரெண்டாவது பீருக்கு வர்றேன். மூணு வாரம் யோசிச்சேன் தம்பி. சுகந்தி, என் வீட்டுக்காரி, கேலி பண்ணுவா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்கன்னு. நோட்டுப் போட்டு எழுதினேன். கோதுமை பீர்ல கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடறாங்களாம், அதைப் போடலாமா? லாகர் போட்டா குளிர்ல வெக்கணும், அதுக்குத் தனியா ஒரு ஃப்ரிட்ஜ் வேணும். கசப்பு ஜாஸ்தியாப் போட்டா நம்ம ஆளுங்களுக்குப் புடிக்காது. சாமான் வாங்கற கடைக்காரர் தாடி வெச்ச பெரிய மனுசர், அவர்கிட்டப் போய் நின்னேன். ரெண்டாவதும் முதல்ல போட்டதையே போடு, ஒரே ஒரு சாமானை மட்டும் மாத்து, அப்பத்தான் எதனால என்ன ஆச்சுன்னு தெரியும்னார். எனக்கு அது புடிக்கல. போட்டதையே போட்டா யாரு தம்பி நல்லாருக்குன்னு சொல்லுவாங்க?

உண்மையச் சொன்னா எனக்கு மத்தவங்க சொன்னது காதுலயே ஏறல. அவங்க எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்ற ஆளுங்க. செல்வினுக்குத்தான் நாக்கு. டீ குடிச்சா இது முந்தாநாள் பால்னு சொல்லிருவான். பிரியாணியில எது குறையுதுன்னு முகர்ந்து பாத்தே சொல்லுவான். அவன் ஒருத்தன் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும்னு இருந்துது. ஆனா அவன் பாட்டிலை வெளிச்சத்துல பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறான். அதான், ரெண்டாவது பீர் அவன் குடிக்கற பீரா இருக்கணும்னு முடிவு பண்ணினேன். பாவம், எல்லாரும் குடிக்கறப்ப அவன் மட்டும் தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்திருக்கானே, அவனுக்குன்னு ஒண்ணு பண்ணுவோம்னு. நல்ல எண்ணம்தானே? நல்ல எண்ணம்னுதான் அப்ப நினைச்சேன்.

ஜிஞ்சர் பீர் தெரியுமில்ல, கடையில குழந்தைங்களுக்கே விக்கறது. அதைத் தேடிப் படிச்சேன். ரெண்டு நாள் மட்டும் புளிக்க விட்டு, நுரை வந்ததும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டா சரக்கு ஏறாது, ஏறினாலும் பேருக்குத்தான்னு எழுதியிருந்தாங்க. அப்பத்தான் ஒரு யோசனை வந்துது. இஞ்சிக்குப் பதிலா சுக்கு. சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி. வெள்ளைக்காரன் எவனும் இதைப் பண்ணியிருக்க மாட்டான்ல. கருப்பட்டிக்கு எங்கயும் போகலைங்க, நவம்பர்ல ஊருக்குப் போயிட்டு வந்த செல்வினே எனக்கு மூணு கிலோ கொண்டாந்து குடுத்திருந்தான். உடன்குடிக் கருப்பட்டி. ஏர்போர்ட்ல ஓலைக் கொட்டானைப் பிரிச்சு எறிஞ்சுட்டாங்க, கருப்பட்டிய மட்டும் விட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சான். அவன் அம்மா குடுத்து விட்டது.

அதை அப்படியே இந்த வாளியில போட்டேன். மூணு கிலோவும்.

ரெண்டாம் நாள் எடுத்து ருசி பாத்தா, வெறும் கருப்பட்டித் தண்ணி. நுரையும் இல்ல ஒண்ணும் இல்ல. இதையா அவனுக்குக் குடுக்கறது? இன்னும் ரெண்டு நாள் விடுவோம்னு விட்டேன். நாலாம் நாள் கொஞ்சம் பரவால்ல. இன்னும் கொஞ்சம். ஜனவரி தம்பி, வெளிய நாப்பது டிகிரி, கராஜ் உள்ள கேக்கவே வேண்டாம். ஏர்லாக் இருக்குதே, அது புளுக் புளுக்னு ஓயாமக் கத்திட்டிருந்துது. எனக்கு அதைக் கேக்கறது அத்தனை சந்தோசம். ஆபீஸ் விட்டு வந்ததும் முதல்ல இங்கதான் வருவேன். சுகந்தி ஈரோடு போயிருந்தா, அவ அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. வீட்டுல பேசறதுக்கும் ஆள் இல்ல. பதினோராம் நாள்தான் நின்னுது.

குடிச்சுப் பாத்தா தித்திப்பே இல்ல. சுருக்குனு சுக்குக் காரம், அடியில கருப்பட்டி வாசம் மட்டும். நல்ல நுரை. தம்பி, நான் காய்ச்சினதுலயே அதுதான் நல்லது. இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

நல்லா வந்துருச்சு. ஆனா இது பானகம் மாதிரி இல்லையே, செல்வின் குடிக்கணுமேன்னு, பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வர்றப்போ, ஒரு எவர்சில்வர் அண்டாவுல பத்துப் பாட்டிலை ஊத்தி, கடையில வேற கருப்பட்டி வாங்கிப் பாகு காய்ச்சி ஊத்தி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஐஸ் போட்டேன். அப்ப அது பானகமேதான். யாரு குடிச்சாலும் பானகம்னுதான் சொல்லுவாங்க.

மத்தவங்களுக்கு முதல் தடவை போட்டதுல மிச்சமிருந்த பேல் ஏல். அண்டா செல்வினுக்கு மட்டும். அவன் மகள் ஜெமியக் கூட்டிட்டு வந்திருந்தான், எட்டு வயசு. பியூலாவுக்கு அன்னைக்குக் காலை டியூட்டி, முதியோர் இல்லத்துல நர்ஸ். முதல் டம்ளரைக் குடுத்துட்டு நான் அவன் மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன். குடிச்சான். கண்ணை மூடினான். "லோகு, எங்க அம்மை கையால குடிச்ச மாதிரி இருக்குடே"ன்னான்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க.

ரெண்டாவது டம்ளர் அவனே மொண்டு குடிச்சான். என்ன போட்டே, எப்பிடிப் போட்டேன்னு கேட்டுக்கிட்டே குடிச்சான். நான் சொல்லிக்கிட்டே நின்னேன், அவங்க அம்மா கருப்பட்டின்னதும் கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. அப்ப ஜெமி ஓடி வந்து, அப்பா எனக்கும்னுச்சு. நான் சட்டுனு, உனக்கு வேண்டாம் கண்ணு, காரம்னு சொல்லி, உள்ள கூட்டிட்டுப் போய் மாம்பழ ஜூஸ் ஊத்திக் குடுத்தேன்.

என்ன பாக்கறீங்க?

ஆமா. ஆமா தம்பி. தெரியும். பதினோராம் நாளே ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டுப் பாத்துட்டேன். அஞ்சரை சதவீதம். கடையில விக்கற பீரை விட ஜாஸ்தி. கருப்பட்டி மொத்தமும் சரக்கா மாறியிருந்துது. பாத்துட்டு, அதைக் கழுவித் தொடைச்சு உறையில போட்டு வெச்சுட்டேன். நோட்டுல முதல் பீருக்கு எல்லாம் எழுதியிருக்கேன், இதுக்கு அந்த வரிய மட்டும் எழுதல. முதல்ல வந்த ரெண்டு பேர்கிட்டயும் எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்ல இருந்தேன், ஜூஸ் ஊத்தினதைச் சொல்லி மாட்டிக்கிட்டேன்.

பாகு ஊத்தி, தண்ணி ஊத்தி, ஐஸ் போட்டா குறைஞ்சுரும்னு நினைச்சேன். ரெண்டு டம்ளர்ல என்ன ஆயிரப் போகுதுன்னு நினைச்சேன். நாலு வருசம் ஆச்சே, இன்னுமா அவனுக்கு அதெல்லாம்னு நினைச்சேன். எத்தனையோ நினைச்சேன். வெக்கமா இருக்குது தம்பி.

இன்னும் கேளுங்க, அதோட முடியல. நான் ஜூஸ் குடுத்துட்டு வெளிய வர்றேன், செல்வின் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறான். குடிக்கல. டம்ளருக்குள்ளயே பாத்துட்டு நிக்கறான். அப்புறம் என்னைப் பாத்தான்.

"ஏம்டே, பிள்ளைக்கு ஏன் குடுக்க மாட்டேங்கே?"

"காரம்டா."

"காரம் எங்க வீட்டுப் பிள்ளைக்குப் புதுசா? லோகு, எனக்கு என்னமோ செய்யுது. இதுல ஏதும் இருக்கா? இருந்தாச் சொல்லிருடே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்பம் சொல்லிட்டா நான் தாங்கிக்கிடுவேன்."

மெதுவாத்தான் கேட்டான். சுத்தி உக்காந்திருந்தவங்க யாருக்கும் கேக்கல. என் தோள் மேல கை வெச்சுக்கிட்டுக் கேட்டான். இருக்குதுடான்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு ஒரு செகண்டுகூட ஆகாது. ஆனா அஞ்சு நிமிசத்துக்கு முன்னாலதானே அம்மா கையால குடிச்ச மாதிரின்னு சொன்னான்? அதைத் திருப்பி வாங்கிக்குவானேன்னு எனக்கு.

"இல்லடா, சுக்கு உறைக்குது"ன்னேன்.

என்னை நம்பினான். நம்பி மூணாவது டம்ளரையும் குடிச்சான். அதுக்கப்புறமும் ஒண்ணு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

நாலரை மணிக்கு ஜெமியக் கூட்டிட்டுக் கிளம்பினான். காரை அவனே ஓட்டிட்டுப் போனான், பின் சீட்டுல பிள்ளை. அதையும் பாத்துட்டுத்தான் நின்னேன், கை ஆட்டினேன். நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டாங்க. பிள்ளைய வீட்டுல பியூலாகிட்ட விட்டுட்டு, பால் வாங்கிட்டு வர்றேன்னு போனவன் ஒயின் கடைக்குப் போயிருக்கான். ஏழு மணி வாக்குல பியூலா வாசக்கதவைத் தொறந்து பாத்தா, வீட்டு முன்னாலயே கார் நிக்குது, வெயில்கூட இன்னும் இறங்கல, உள்ள ஸ்டியரிங்ல தலைய வெச்சுப் படுத்திருக்கான். பக்கத்துச் சீட்டுல விஸ்கி பாட்டில், பாதி காலி.

மறுநாள் காலையில எனக்குப் போன். பியூலாதான். அழல. அவ அழற ஆளில்ல. "அண்ணே, உங்க வீட்டுல குடுத்த பானகத்துல ஏதோ இருந்திச்சு, அதுலதான் ஆரம்பிச்சதுன்னு அவங்க சொல்லுதாங்க. நான் உங்களைச் சந்தேகப்படல. நீங்க சொல்லுததை நான் நம்புவேன். இருந்துதா, இல்லையா?"ன்னு கேட்டா.

தம்பி, நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இல்ல, சொல்லாதீங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

"பானகம்தாம்மா, கருப்பட்டிப் பானகம்"னேன். பொய்யில்லையே, பானகமாத்தானே இருந்துதுன்னு போனை வெச்சதுக்கப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

குடிச்சதைக்கூட அவ பொறுத்துக்குவா. வழுக்கி விழறது உண்டு, எந்திரிக்கறதும் உண்டுன்னு அந்தக் கூட்டத்துல அவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா பொய் சொல்றதை ஒத்துக்க மாட்டா. பழைய நாள்ல அவன் சொல்லாத பொய்யா? மருந்துல இருந்துச்சு, கேக்குல இருந்துச்சுன்னு. அதான், குடிச்சுட்டு உசிரு குடுத்த சிநேகிதன் மேலயே பழியப் போடறான் பாருன்னு ஆயிப்போச்சு அவளுக்கு. அந்த வாரமே ஜெமியக் கூட்டிட்டு ஜீலாங்ல இருக்கற அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. மூணு மாசம் ஆச்சு.

மூணாம் நாள் செல்வின் இங்க வந்தான். இதே இடத்துல, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, அங்க நின்னான். சண்டை போடுவான்னு நினைச்சேன். சட்டையப் புடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "லோகு, எனக்கு ஒரே ஒரு பாட்டில் வேணும்டே. பியூலாகிட்ட காட்டணும். அவ ஒரு வாய் குடிச்சாத் தெரிஞ்சிரும்"னான்.

எல்லாத்தையும் புல்லுல ஊத்திட்டேன்டான்னு சொன்னேன்.

ஊத்தினது நிசந்தான். ஆனா எல்லாத்தையும் இல்ல. அந்த மேல் தட்டுல இருக்கறது அதுதான். அவன் அங்க அண்ணாந்து பாத்தானோ பாக்கலையோ எனக்குத் தெரியல. சரிடேன்னான். அவ்வளவுதான். போகும்போது கராஜ் கதவை மெதுவா இழுத்து விட்டுட்டுப் போனான், சத்தம் வரக்கூடாதுன்னு.

இப்ப அந்தக் கூட்டத்துக்கு மறுபடி போறானாம். முதல் நாள்ல இருந்து எண்ணறானாம். ஒரே ஒரு சாயங்காலம் குடிச்சதுக்கு நாலு வருசத்தையும் அழிச்சுருவாங்களான்னு எனக்குக் கோவம்கூட வந்துது. அந்த வில்லையத் திருப்பிக் குடுத்துட்டானாம். பாட்மின்டனுக்கு வர்றதில்ல. மத்தவங்கெல்லாம் என்கிட்ட, லோகு நீ எவ்வளவு பண்ணியிருக்கே அவனுக்கு, உன் பேரையே இழுத்துட்டானேன்னு ஆறுதல் சொல்றாங்க. நானும் தலைய ஆட்டிக் கேட்டுக்கறேன். சுகந்தி ஊருல இருந்து வந்ததும், பாவம் செல்வின் அண்ணன்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் எந்திரிச்சுப் போயிட்டேன்.

அப்புறம் என்னால இதுல கை வெக்க முடியல. வாளிய மோந்தா இன்னும் சுக்கு வாசம் வருது. எத்தனை கழுவியும் போகல. பாக்கறீங்களா? உங்களுக்கு வரலையா? எனக்கு வருது.

சொல்லியிருக்கலாமேன்னா? பியூலாகிட்டயா? சொல்லலாம் தம்பி. சொல்லணும்னுதான் இருக்கேன். நம்பர் இங்கதான் இருக்குது. எத்தனையோ தரம் எடுத்துட்டேன். அவ டியூட்டியில இருப்பா, தூங்கிட்டிருப்பா, சர்ச்சுல இருப்பா. ஏதாவது ஒண்ணு. அவனே அவகிட்டச் சொல்லாம இருந்திருந்தா இத்தனை தூரம் வந்திருக்காதுன்னுகூட ஒரு நாள் நினைச்சேன். பாத்தீங்களா, என்ன மாதிரி நினைப்பு.

இப்பவா? இப்ப மணி பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை இல்ல. டியூட்டியும் இருக்காது. எடுப்பா.

சரி. நீங்க இருங்க. நீங்க இருக்கும்போதே பேசிடறேன். தனியா இருந்தா நான் வெச்சுருவேன், ஆள் ஒருத்தர் பாத்துட்டிருந்தா பேசிருவேன். என்னமோ நான் அவ்வளவு மோசமானவன் இல்லைன்னு உங்களுக்கும் தெரியட்டும். அந்த ஹைட்ரோமீட்டரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்க.

ரிங் போகுது.

ஹலோ, பியூலா? ஆமாம்மா, லோகு அண்ணன்தான். நல்லாருக்கேம்மா. ஜெமி நல்லாருக்காளா? ம். ஸ்கூல் மாத்தியாச்சா? ம். சரி. இல்லம்மா, ஒரு விசயம். அன்னைக்கு, பொங்கல் முடிஞ்சு, எங்க வீட்டுல...

ம். சொல்லும்மா. இல்ல, நீயே முதல்ல சொல்லு.

ம்.

ம்.

அய்யோ, அதெல்லாம் எதுக்கும்மா. நீ எதுக்கும்மா அப்படியெல்லாம் சொல்றே. சே சே. இல்லம்மா. பரவால்லம்மா. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. ஆமாம்மா. நீ உடம்பைப் பாத்துக்கோ. இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன். வெச்சுடறேன்.

ஏன் தம்பி எந்திரிச்சுட்டீங்க? வாளி வேண்டாமா?

என்னன்னு கேக்காமப் போறீங்களே. மன்னிப்புக் கேட்டா தம்பி. அவன் இன்னமும் விடாம என் பேரையேதான் சொல்லிட்டிருக்கானாம். அதுக்கு அவ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா. நான் பரவால்லன்னுட்டேன்.